கருந்துளையும் கலங்காத நெஞ்சமும்



பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுள் சில பெற்றோரைத் திகைக்க வைப்பவை. கைப்பேசியில் கண்டதையும், பள்ளித் தோழர் சொன்னதையும் மனத்தில் போட்டுக் குழப்பிக்கொண்டு, இரவு உணவு வேளையில் அவர்கள் கேட்கின்றனர்: “அணுத்துகள்களை மோதவிட்டால் கருந்துளை உண்டாகி உலகத்தையே விழுங்கிவிடுமாமே, மெய்தானா?” அதற்கு விடை சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி எழுகிறது: “எல்லாவற்றையும் விஞ்ஞானமே கண்டுபிடித்துவிட்டால், கடவுளுக்கு என்ன வேலை?”

“சாப்பிடும்போது பேசாதே” என்று அதட்டி வாயை மூடிவிடுவது எளிது. ஆனால் அடக்கப்பட்ட கேள்வி அழிந்துபோவதில்லை. அது வேறு வாசல் தேடிப் போகும். அவ்வாசலில் யார் நின்று விடை சொல்வார் என்பதை நாம் அறியோம். ஆதலால் இம்மாதம் இவ்விரு கேள்விகளையும் நம் குடும்பங்களின் முன் வைத்து, இயன்ற அளவு தெளிவு காண முயல்வோம்.

கொடைரோட்டிலிருந்து தொடங்குவோம்

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, அம்மையநாயக்கனூரில் அமைந்துள்ளது கொடைரோடு இரயில் நிலையம். கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர். 1875-ஆம் ஆண்டு இவ்வழியே இருப்புப்பாதை வந்தது. அதன் பின்னர், கொடைக்கானல் செல்வோர்க்கெல்லாம் இதுவே நுழைவாயிலாயிற்று. செண்பகனூரில் 1895-இல் இயேசு சபையார் நிறுவிய குருமடத்திற்குச் சென்ற துறவியரும் இப்பாதையின் மலைவழியை நன்கறிவர்.

இதே மலையின் உச்சியில், கடல் மட்டத்திற்கு மேல் 2,343 மீட்டர் உயரத்தில், ஒரு வானாய்வுக் கூடம் நிற்கிறது. சென்னையில் 1792-இல் கட்டப்பட்ட வானாய்வுக் கூடத்தின் பணிகள் 1899-இல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டன. சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் என்பவர் கண்டறிந்தது இங்கேதான். நூறாண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. நம் வயல்களுக்கு வெயில் தரும் அந்தச் சூரியனை, தலைமுறை தலைமுறையாக அமைதியாகக் கவனித்து வந்திருக்கிறார்கள் என்றால், அப்பொறுமையை என்னென்பது!

அச்சூரியனையே நம் முதல் உதாரணமாகக் கொள்வோம். அதன் நிறையைச் சற்றும் குறைக்காமல், அதை நசுக்கி நசுக்கிச் சிறிதாக்குவதாகக் கற்பனை செய்வோம். அதன் ஆரம் 3 கிலோமீட்டராகச் சுருங்கும்போது, அதன் பரப்பிலிருந்து ஒளிகூடத் தப்பி வெளிவர இயலாது. கொடைரோட்டிலிருந்து நிலக்கோட்டை போய்ச் சேருமுன்பே அதனைக் கடந்துவிடலாம். அவ்வளவே அதன் அகலம். நாம் வாழும் பூமியை இவ்வாறு நசுக்கினால், அது இப்பகுதித் தோட்டங்களில் விளையும் திராட்சைப் பழம் ஒன்றின் பருமனாகிவிடும். இத்தகைய பொருளையே கருந்துளை என்கிறோம். ஒளி மீண்டு வர இயலாத அதன் விளிம்பை விஞ்ஞானிகள் ‘நிகழ்வெல்லை’ என்பர்.

இது வெறும் கற்பனையன்று. சூரியனைவிடப் பன்மடங்கு பெரிய விண்மீன்கள் தம் எரிபொருள் தீர்ந்தபின் இவ்வாறு உள்ளுக்குள் இடிந்து வீழ்கின்றன. இவ்வுண்மைக்கு வழி திறந்தவர் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவரே. லாகூரில் 1910-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் தமது பத்தொன்பதாம் வயதில் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். அப்பயணத்தின்போதே கணக்கிடத் தொடங்கி, முதிர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன் ஒன்று சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறை கொண்டு நிலைத்திருக்க முடியாது என்று கண்டார். 1935-ஆம் ஆண்டு இலண்டனில் இதனை எடுத்துரைத்தபோது, அந்நாளின் பெரும் வானியலாளர் ஆர்தர் எடிங்டன் அவையறிய அவரை எள்ளினார். இளைஞர் சினங்கொண்டு வாதிடவில்லை. தம் பணியைத் தொடர்ந்தார். 1983-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அதே ஆண்டில்தான் கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு பற்றிய அவரது பெருநூலும் வெளிவந்தது.

இரண்டு இரயில்களின் மோதல்

இனி மோதலுக்கு வருவோம். இரட்டைப் பாதையில் இரண்டு இரயில்கள் ஒரே திசையில் ஒரே வேகத்தில் ஓடுவதாக எண்ணுங்கள். ஒன்றில் அமர்ந்திருப்பவர்க்கு மற்றது நிற்பதுபோலவே தோன்றும். அவை உரசினாலும் அதிர்ச்சி பெரிதன்று. ஆனால் ஒன்று நிலையத்தில் ஏறக்குறைய நின்றுகொண்டிருக்க, மற்றது முழு வேகத்தில் வந்து மோதினால் விளைவு பயங்கரமானது. மோதலின் வலிமை தனித்தனி வேகத்தைப் பொறுத்ததன்று. இரண்டிற்குமுள்ள வேக வேறுபாட்டைப் பொறுத்தது.

கருந்துளையில் விழும் இரு துகள்களின் நிலையும் இதுவே. சுழலாத கருந்துளையை நோக்கி, தொலைவில் அசையாதிருந்த இரு துகள்கள் விழுமாயின், இரண்டுமே ஒளிவேகத்தை நெருங்கினாலும், ஏறத்தாழ ஒரே திசையில் விழுவதால், அவற்றின் மோதலாற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. அத்துகள்களின் நிறைக்கு ஈடான ஆற்றலைப் போல அது சுமார் இரண்டேகால் மடங்கைத் தாண்டுவதில்லை.

ஆனால் கருந்துளைகள் சுழல்வன. சுழலும் கருந்துளைக்குரிய கணிதத்தை நியூசிலாந்து நாட்டவரான ராய் கெர் 1963-இல் கண்டார். சுழற்சிக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. அவ்வுச்சத்தில் சுழலும் கருந்துளையருகே என்ன நிகழும் என்று 2009-இல் மாக்சிமோ பனியாதோஸ், ஜோசப் சில்க், ஸ்டீபன் வெஸ்ட் ஆகிய மூவர் கணக்கிட்டனர். விழும் துகள்களுள் ஒன்று, மிகச் சரியான ஓர் அளவில் சுழற்சி கொண்டு வருமாயின், அது நிகழ்வெல்லையை ஒட்டித் தயங்கிச் சுற்றிக்கொண்டேயிருக்கும். மற்றொன்று தயக்கமின்றிப் பாய்ந்து வரும். நிலையத்தில் நிற்கும் வண்டியின்மேல் விரைவு வண்டி மோதிய கதைதான். அப்போது மோதலாற்றல் எவ்வளவு வேண்டுமானாலும் பெருகலாம் என்று அவர்களது கணக்கு காட்டிற்று. மனிதன் கட்டிய எந்த இயந்திரத்தாலும் எட்டவியலாத ஆற்றலை, கருந்துளை ஒரு முடுக்கிபோல் நின்று ஊட்டக்கூடும் என்பது அதன் பொருள்.

உடனே உலகெங்கும் விஞ்ஞானிகள் அதைச் சோதிக்கத் தொடங்கினர். இயற்கையில் எந்தக் கருந்துளையும் உச்ச வரம்பை முற்றும் எட்டுவதில்லை, உச்சத்தின் 99.8 விழுக்காட்டளவிலேயே அதன் சுழற்சி நின்றுவிடும் என்று கிப் தார்ன் 1974-இலேயே கணக்கிட்டிருந்தார். அந்நிலையில் மோதலாற்றல் மிதமான அளவிலேயே அடங்கும். மேலும் எல்லையற்ற ஆற்றல் வேண்டுமாயின், அத்துகள் விளிம்பை அடைய எல்லையற்ற காலமும் வேண்டும்.

கிணற்றுக்குள் நடந்தது மேலே வருமா?

வேறொரு தடையும் உண்டு. மின்மோட்டார் வருவதற்கு முன், நம் திண்டுக்கல் சமவெளியில் கமலை கட்டித்தான் நீர் இறைத்தனர். கிணறு ஆழமாக ஆழமாக, ஒரு சால் நீரை மேலே கொணர மாடுகள் பட்ட பாடு முதியவர்கள் அறிவர். ஈர்ப்பு என்பதும் ஒரு கிணறே. அதன் அடியிலிருந்து மேலே வரும் எப்பொருளும் அதற்குரிய கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒளிகூட அக்கூலியிலிருந்து தப்புவதில்லை. மேலேறும்போது தன் ஆற்றலை இழந்து வெளிறிப் போகிறது. எனவே கருந்துளையின் விளிம்பில் எவ்வளவு பெரிய மோதல் நிகழ்ந்தாலும், தொலைவிலிருக்கும் நமக்கு அதன் பெரும்பகுதி எட்டுவதேயில்லை. உள்ளே சென்ற ஆற்றலைப்போல் 1.3 மடங்களவே வெளிவரும் என்று 2012-இல் வெளியான கணக்கொன்று கூறிற்று. சில தனிப்பட்ட பாதைகளில் அது 14 மடங்குவரை செல்லலாம் என்று 2014-இல் ஜெரமி ஷ்னிட்மன் காட்டினார். எல்லையற்றது என்று தொடங்கிய கணக்கு, இவ்வாறு அளவுக்குள் வந்து நின்றது.

உள்ளே சென்றதைவிட வெளியே வருவது மிகுதியாயிருப்பது எங்ஙனம் என்று கேட்பீர்கள். சுழலும் கருந்துளை தன் சுழற்சியிலிருந்து ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறது. இதனை 1969-இல் கண்டவர், 2020-இல் நோபல் பரிசு பெற்ற ரோஜர் பென்ரோஸ். அக்கருத்தை வளர்த்ததில் நம் நாட்டவர்க்கும் பங்குண்டு. கருந்துளையைச் சுற்றி காந்தப்புலம் இருக்குமாயின் இம்முறை எளிதில் கைகூடும் என்று சஞ்சய் வாக், சஞ்சீவ் துரந்தர், நரேஷ் ததீச் ஆகியோர் 1985-இல் எழுதினர். நிகழ்வெல்லை என்னும் திரையே இல்லாத ஒரு நிலை இருக்குமாயின், அங்கே துகள்களின் மோதல் எவ்வாறிருக்கும் என்பதை மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மந்தார் பாட்டீலும் பங்கஜ் ஜோஷியும் 2010 முதல் ஆராய்ந்து எழுதினர். உள்ளே விழுந்து, திருப்பப்பட்டு வெளிநோக்கி வரும் துகள் ஒன்று, விழுகின்ற மற்றொன்றோடு எதிரெதிராக மோதும் என்பதே அவர்களது கருத்தின் சாரம்.

விதியையே திருத்த முற்படுவோர்

மேற்சொன்ன கணக்குகளுள் பெரும்பாலானவை ஐன்ஸ்டீன் 1915-இல் வகுத்த ஈர்ப்புக் கோட்பாட்டை ஆதாரமாகக் கொண்டவை. புதன் கோளின் பாதை நூறாண்டுக்கு 43 விகலை அளவு கூடுதலாக விலகுவதை அக்கோட்பாடு விளக்கிற்று. 1919-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது, விண்மீன் ஒளி சூரியனருகே வளைவதும் அளந்து காட்டப்பட்டது. ஆயினும் சில புதிர்கள் எஞ்சியுள்ளன. விண்மீன் கூட்டங்களின் ஓரங்கள் எதிர்பார்த்ததைவிட விரைவாகச் சுழல்கின்றன. அண்டத்தின் விரிவு வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-இல் தெரிய வந்தது. கருந்துளையின் நடுவே கணக்கு எல்லையற்றதாகி முறிந்துபோகிறது. எனவே ஈர்ப்பு விதியிலேயே சிறு திருத்தம் தேவையோ என்று சிலர் ஆராய்கின்றனர். 1961-இல் பிரான்ஸும் டிக்கியும் ஒரு திருத்தத்தை முன்வைத்தனர். 1964-இல் நம் நாட்டவர் ஜயந்த் நார்லீகர், தம் ஆசிரியர் பிரெட் ஹாயிலோடு இணைந்து மற்றொன்றை வகுத்தார். அவற்றின் பின் இன்னும் பல எழுந்தன.

விதியைத் திருத்தினால் கருந்துளையின் விளிம்பு இடம் மாறும். சுழற்சியின் உச்ச வரம்பு மாறும். அதனோடு துகள் மோதலின் கணக்கும் மாறும். எந்தத் திருத்தத்தில் எவ்வளவு ஆற்றல் என்று கணக்கிடுவதே இன்று பல பல்கலைக்கழகங்களில் நடைபெறும் ஆய்வு. அம்மோதலின் தடயம் என்றேனும் வானத்தில் புலப்படுமானால், எந்த விதி மெய், எது பொய் என்பதை அதுவே சொல்லிவிடும்.

வானம் இவ்வாறு தீர்ப்பளித்ததும் உண்டு. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 அன்று, ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் ஈர்ப்பலை பூமியை வந்தடைந்தது. 1.7 நொடி கழித்து அதே நிகழ்ச்சியின் காமாக் கதிரும் வந்தது. 13 கோடி ஆண்டுப் பயணத்தில் இரண்டு நொடி வேறுபாடுகூட இல்லை! ஈர்ப்பின் வேகமும் ஒளியின் வேகமும் ஒன்றே என்பது இதனால் உறுதியாயிற்று; வேறுவிதமாகச் சொன்ன திருத்தக் கோட்பாடுகள் பல அன்றே வீழ்ந்தன. அதற்கு இரண்டாண்டு முன்னர், 2015 செப்டம்பர் 14 அன்று, இரு கருந்துளைகள் ஒன்றாகிய அதிர்வு முதன்முதலாகப் பதிவாகியிருந்தது. கோயில் மணியை அடித்தபின் அதன் ஓசை தேய்ந்து அடங்குவதுபோல், அதிர்ந்த கருந்துளையும் தனக்கே உரிய அதிர்வோடு தேய்ந்து அடங்கும் என்று பெங்களூரைச் சேர்ந்த சி. வி. விசுவேசுவரா 1970-இலேயே காட்டியிருந்தார். 2019 ஏப்ரலில், சூரியனைப்போல் 650 கோடி மடங்கு நிறையுள்ள ஒரு கருந்துளையின் நிழற்படமும் வெளியாயிற்று.

அஞ்சத்தக்கது எது?

இப்போது பிள்ளையின் முதற் கேள்விக்கு வருவோம். சுவிட்சர்லாந்து, பிரான்சு எல்லையில் தரைக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் மோதுபொறி 2008 செப்டம்பர் 10 அன்று இயங்கத் தொடங்கியது. “உலகம் அழியப் போகிறது” என்ற பேச்சு அன்று நம் நாட்டிலும் தொலைக்காட்சி வழியே பரவிற்று. அவ்வச்சத்தில் வடநாட்டில் ஓர் இளம்பெண் தன் உயிரையே மாய்த்துக்கொண்டாள் என்று செய்தித்தாள்கள் எழுதின. மோதுபொறியால் ஒருவரும் மடியவில்லை. ஆனால் அதைப்பற்றிய வதந்தி ஓர் இல்லத்தின் விளக்கை அணைத்துவிட்டது. அன்று அவ்வீட்டில் அவளருகே அமர்ந்து, “மகளே, கலங்காதே, விசாரித்துச் சொல்கிறேன்” என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

அச்சத்திற்கு இடமில்லை என்பதற்கு விடை வானத்திலேயே இருக்கிறது. அண்டவெளியிலிருந்து மிகு ஆற்றல் கொண்ட துகள்கள் இடைவிடாது நம்மீது பொழிகின்றன. மோதுபொறியின் ஆற்றல் 2022 முதல் 13.6 இலட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட். அதற்கு நிகரான மோதல்களும், அதனினும் பெரியவையும் நம் தலைக்கு மேலுள்ள காற்றில் இயற்கையாகவே நிகழ்கின்றன. பூமி தோன்றிய நாள் தொட்டு இதுவரை, அம்மோதுபொறியின் முழு ஆய்வுத் திட்டத்தையும் இயற்கை சுமார் ஓர் இலட்சம் முறை இப்பூமியின்மீதே நடத்தி முடித்துவிட்டது என்று அதன் பாதுகாப்புக் குழுவினர் 2008-இல் கணக்கிட்டுக் காட்டினர். பூமியோ இன்றும் சுழல்கிறது. நம் மல்லிகைத் தோட்டங்கள் இன்றும் பூக்கின்றன.

1991 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வந்திறங்கிய ஒரே ஒரு துகளின் ஆற்றல், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலுக்கு நிகராயிருந்தது. கண்ணுக்குப் புலனாகாத ஒற்றைத் துகளுக்கு அவ்வளவு வலிமை! இத்தகைய துகள்கள் எங்கிருந்து புறப்படுகின்றன என்பது இன்னும் முற்றிலும் தெளியாத புதிர். 2017 செப்டம்பர் 22 அன்று தென்துருவத்துப் பனிக்கடியில் பதிவான ஒரு நியூட்ரினோத் துகளின் வழியைப் பின்னோக்கித் தேடியபோது, பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், பெருங்கருந்துளையொன்று துகள்களைப் பீறிட்டு வீசும் இடத்தை அது சுட்டிற்று. நம் உதகமண்டலத்திலும் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் நூற்றுக்கணக்கான உணர்கருவிகளைப் பரப்பி, அண்டக்கதிர்களை இரவும் பகலும் எண்ணி வருகின்றனர்.

இங்கே நம் அண்டை மாவட்டத்துச் செய்தியொன்றையும் சொல்லியாக வேண்டும். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கத் திட்டமிட்டபோது, மக்கள் எதிர்த்தனர். தமிழக அரசும் 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. அவ்வாய்வுக்கூடம் துகள்களை மோதவிடுவதற்கானதன்று. தானே வந்து போகும் துகளைக் காண்பதற்கானது. எனவே “நியூட்ரினோ நம்மை எரித்துவிடும்” என்ற பேச்சு ஆதாரமற்றது. ஆனால் காடு என்னவாகும், புலிகளின் வழித்தடம் என்னவாகும், நீரூற்று என்னவாகும் என்று கேட்டவர்களின் கேள்வி ஆதாரமுள்ளது. அதற்கு மரியாதையோடு விடை சொல்வது படித்தவர்களின் கடமை. பொய்யான அச்சத்தை விலக்குவது ஒன்று. நியாயமான கவலையை அதே கூடையில் போட்டு எறிவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொடுப்பதே குடும்பத்தின் கல்வி.

ஒரு குருவானவரின் வழி

இரண்டாவது கேள்விக்கு விடை காண, பெல்ஜியம் நாட்டுக் குருவானவர் ஒருவரின் வாழ்வை நோக்குவோம். ஜார்ஜ் லெமைத்ர் 1894-இல் பிறந்தார். முதல் உலகப் போரில் படைவீரராய்ப் பணியாற்றியபின், 1923-இல் குருப்பட்டம் பெற்றார். சந்திரசேகரை எள்ளிய அதே எடிங்டனிடம் கேம்பிரிட்ஜில் பயின்றார். அண்டம் விரிந்துகொண்டே செல்கிறது என்று 1927-இல் எழுதினார். அது ஓர் ‘ஆதி அணு’விலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்று 1931-இல் கூறினார். நம் பொருளோடு அவருக்கு இன்னும் நெருங்கிய தொடர்புண்டு. கருந்துளையின் விளிம்பில் கணக்கு முறிவதாகத் தோன்றுவது மெய்யான முறிவன்று, கணக்கிடும் முறையால் வந்த தோற்றமே என்று 1933-இல் காட்டியவர் அவரே. அண்டக்கதிர்த் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தில் எவ்வாறு வளைந்து வருகின்றன என்பதையும் மெக்சிகோ நாட்டு விஞ்ஞானி வல்லார்த்தாவோடு சேர்ந்து கணக்கிட்டார்.

1951 நவம்பரில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், புதிய அண்டவியல் படைப்பின் உண்மைக்குச் சான்று பகர்வதுபோல் உரையாற்றினார். மகிழ்ந்து கைதட்ட வேண்டியவர் லெமைத்ர் அன்றோ? அவரோ கவலையுற்றார். தம் கோட்பாடு விஞ்ஞானக் கோட்பாடு மட்டுமே. அது சமயத்திற்கு ஆதரவும் அன்று, எதிர்ப்பும் அன்று என்பது அவரது உறுதியான நிலை. பின்னர்ப் பாப்பரசர் அத்தகைய ஒப்பீட்டைத் தவிர்த்தார். திருச்சபையும் அக்குருவானவரைப் புறக்கணிக்கவில்லை. 1960 முதல் 1966-இல் அவர் மரிக்கும்வரை பாப்பிறை விஞ்ஞானக் கழகத்தின் தலைவராக அவரையே வைத்திருந்தது. அவருடைய நினைவாகவே 2017 மே மாதத்தில் வத்திக்கான் வானாய்வுக் கூடத்தில் கருந்துளைகளையும் ஈர்ப்பலைகளையும் பற்றிய கருத்தரங்கு நடைபெற்றது.

அவர் கவலையுற்றதன் காரணம் ஆழமானது. விஞ்ஞானக் கோட்பாடு திருத்தப்படுவதற்கென்றே பிறந்தது. நியூட்டனின் ஈர்ப்பை ஐன்ஸ்டீன் திருத்தினார். ஐன்ஸ்டீனின் ஈர்ப்பை இன்று வேறு பலர் திருத்திப் பார்க்கின்றனர். நம் விசுவாசத்தை ஒரு கோட்பாட்டோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டால், அக்கோட்பாடு சாயும் நாளில் விசுவாசமும் சாய்ந்துவிட்டதாகப் பிள்ளை எண்ணிவிடுவான். “விஞ்ஞானமே கடவுளை நிரூபித்துவிட்டது” என்று மேடையில் முழங்குவோரும், “விஞ்ஞானமே கடவுளை இல்லையாக்கிவிட்டது” என்று முழங்குவோரும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றனர். கடவுள் நம் அறியாமையின் இடுக்குகளில் ஒளிந்து வாழ்பவர் அல்லர். ஒவ்வோர் இடுக்காக விளக்கேற்றப்பட்டவுடன் வெளியேறுவதற்கு. விளக்கை ஏற்றும் அறிவும், ஏற்றியபின் காணும் ஒழுங்கும் அவரது கொடையே.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை

பிள்ளையின் கேள்வியைக் குற்றமாகக் கருதாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் சேர்ந்து கேளுங்கள். பள்ளி ஆசிரியர் இருக்கிறார், பங்குத்தந்தை இருக்கிறார், ஊர் நூலகம் இருக்கிறது.

உலக முடிவு பற்றிய செய்தி கைப்பேசியில் வருமானால், அதைப் பிறர்க்கு அனுப்புமுன் மூன்றைக் கேளுங்கள்: இதைச் சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? எதைக் கொண்டு சொன்னார்? மூன்றிற்கும் விடையில்லையெனில், அச்செய்தி உங்களோடு நின்றுபோகட்டும். நம் கைவழியே சென்ற ஒரு பொய், எந்த வீட்டில் எந்தக் குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்குமோ அறியோம்.

கொடைக்கானலுக்குச் செல்லும்போது ஏரியையும் படகையும் மட்டும் காட்டித் திரும்பாமல், வானாய்வுக் கூடம் நிற்கும் இடத்தையும் காட்டுங்கள். “நீயும் படித்தால் இங்கே பணி செய்யலாம்” என்று மகனுக்குச் சொல்வதைப்போலவே மகளுக்கும் சொல்லுங்கள். இயற்பியல் படித்தால் விசுவாசம் போய்விடும் என்று அஞ்சி ஒரு பெண்ணின் படிப்பைத் தடுப்பது, இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைப்பதற்குச் சமம். சந்திரசேகர் தம்மைக் கடவுள் நம்பிக்கையற்றவர் என்றார். லெமைத்ர் நாள்தோறும் பலிபீடத்தில் நின்றார். இருவரும் கண்டது ஒரே வானத்தின் உண்மைகளையே. உண்மை யார் வாயிலாக வந்தாலும், அதை அஞ்சாமல் வரவேற்பவரே உண்மையான விசுவாசி.

கருந்துளையின் விளிம்பில் என்ன நிகழ்கிறது என்பது விஞ்ஞானிகளின் கவலையாக இருக்கட்டும். அவர்கள் பொறுமையுடன் கணக்கிட்டுத் திருத்திக்கொள்வார்கள். நம் வீட்டுத் திண்ணையில் கலங்கி அமர்ந்திருக்கும் பிள்ளையின் மனத்தில் என்ன நிகழ்கிறது என்பது நம் கவலை. அதைக் கேட்டறியப் பெருங்கருவிகள் வேண்டா. மாலைச் செபம் முடிந்தபின் கால் மணி நேரமும், அன்புள்ள செவியும் போதும்.